கரிசல் மண்ணில் மழைநீர்க் குழாய்: பள்ளத்தை எதைக் கொண்டு மூடுவது?

(ஒவ்வொரு பதிவுக்கும் மேலே எழுதியவரின் புனைபெயர்)

ஆட்டோலெவல்

வணக்கம். மதுரை திருமங்கலம் பக்கம் ஒரு குடியிருப்புத் தெருவில் மழைநீர்க் குழாய் பதிக்க வேண்டும். தெருவின் நீளம் 260 மீட்டர். 450 மி.மீ. உள்விட்டம், என்.பி.3 ரக (நடுத்தரச் சுமை தாங்கும்) ஆர்.சி.சி. குழாய், ரப்பர் ரிங் ஜாயிண்ட். சரிவு 300-க்கு 1. பள்ளம் மேல்முனையில் 1.6 மீ., கீழ்முனையில் 2.5 மீ. ஆழம், அகலம் 1.2 மீ. கீழ்முனை கண்மாயில் போய்ச் சேருகிறது.

மூன்று சோதனைக் குழி வெட்டிப் பார்த்ததில் மேலே 40 செ.மீ. இடிபாடு கலந்த நிரப்பு மண், அதற்குக் கீழே 2.8 மீ. வரை கரிசல், பிறகு சரளை. ஒரு பக்கம் வீட்டுச் சுவர்கள் பள்ளத்து ஓரத்திலிருந்து 2 மீ. தூரத்தில் இருக்கின்றன.

எஸ்டிமேட்டில் 'தோண்டிய மண்ணாலேயே மூடுதல்' என்று இருக்கிறது. கான்ட்ராக்டர் எம்-சாண்ட் கொட்டித் தண்ணீர் விட்டால் போதும் என்கிறார். எது சரி?

மண்சோதனை

இரண்டும் வேண்டாம் தம்பி. காரணம் வேறு வேறு என்பதால் தனித்தனியாகச் சொல்கிறேன்.

முதலில் தோண்டிய கரிசல். கோடையில் ஜேசிபி வாரிப் போடும் கரிசல் தேங்காய் அளவுக் கட்டிகளாக வரும். ஒவ்வொரு கட்டியும் உள்ளே கல் மாதிரி இறுகியிருக்கும், கட்டிக்கும் கட்டிக்கும் நடுவே வெற்றிடம். அதை அப்படியே தள்ளி மேலே ரோலர் ஓட்டினால் மேல் ஒரு ஜாண் மட்டும்தான் இறுகும். ஐப்பசி மழைத் தண்ணீர் இறங்கினதும் கட்டி இளகி வெற்றிடத்துக்குள் சரியும். எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கரிசலின் உச்ச உலர் அடர்த்தி (நன்றாக இறுக்கினால் கிடைப்பது) கன செ.மீ.க்கு 1.52 கிராம் என்று வைத்தால் அதில் 95 சதவீதம் 1.44. தள்ளி விட்ட மண் 1.25-இல் கிடக்கிறது. 1.5 மீ. நிரப்புக்கு இறக்கம் 20 செ.மீ. புதுச் சாலை ஒரே மழையில் தொட்டி மாதிரி ஆவதற்கு இந்தக் கணக்கே போதும்.

சரி, கட்டியை உடைத்து நன்றாக இடித்து மூடலாமே என்றால், அதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கரிசலை உலர்ந்த நிலையில் பலமாக இறுக்கினால் பிறகு ஈரம் பட்டதும் அதிகமாக வீங்கும். இறுக்கம் கூடக் கூட வீக்க அழுத்தமும் கூடும். கரிசலைத்தான் பயன்படுத்தியாக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், உகந்த ஈரத்தைவிட (மண் மிக நன்றாக இறுகும் ஈர அளவு) 2 சதவீதம் கூடுதல் ஈரத்தில், அடர்த்தி கொஞ்சம் குறைவாக வைத்து இறுக்க வேண்டும். தெருவில் நின்று வேலை வாங்கும்போது இந்தக் கட்டுப்பாடு கைக்குள் நிற்பது கடினம்.

எதற்கும் முதலில் வீக்கச் சோதனை செய்யுங்கள், ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 2720 பகுதி 40. 425 மைக்ரான் சல்லடையில் சலித்து உலர்த்திய மண் 10 கிராம் வீதம் இரண்டு 100 மி.லி. அளவு ஜாடிகளில் போடுங்கள். ஒன்றில் காய்ச்சி வடித்த நீர், மற்றதில் மண்ணெண்ணெய். கண்ணாடிக் கம்பியால் கிளறிக் காற்றை வெளியேற்றி 24 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மண்ணெண்ணெயில் கரிசல் வீங்காது, தண்ணீரில் வீங்கும். மண்ணெண்ணெயில் 10 மி.லி., தண்ணீரில் 19 மி.லி. என்று நின்றால் வீக்கக் குறியீடு 90. ஐம்பதைத் தாண்டினாலே அந்த மண்ணைக் குழாய் மேல் திருப்பிப் போட யோசிக்க வேண்டும். மூன்று குழியிலும் தனித்தனியாக மாதிரி எடுங்கள். ஒன்றாகக் கலந்து விட்டால் எந்த இடத்து மண் மோசம் என்பது தெரியாமல் போகும்.

வைகைக்கரை

மணல் போட்டுத் தண்ணி விடுறது தப்புன்னு ஒரேயடியா ஒதுக்கிற முடியாதுண்ணே. மதுரையில செல்லூர், ஆழ்வார்புரம் மாதிரி ஆத்தோரப் பகுதியில அடியிலயும் பக்கத்துலயும் மணல்தான். ஊத்துற தண்ணி கீழ இறங்கிப் போகும்போது மணலை இழுத்து உக்கார வைக்கும். கான்ட்ராக்டர் பழக்கம் அங்கேயிருந்து வந்ததுதான். தண்ணி போக வழி இருந்தாத்தான் அது பலிக்கும்.

ஆத்தோரத்துல பிரச்சினையே வேற. பள்ளத்து அடியில ஊத்து பொங்கி மணல் கொதிக்கும். குழிக்குள்ளயே டீசல் பம்ப் வச்சு இறைச்சா தண்ணியோட மணலும் வரும், பக்கத்து வீட்டு அஸ்திவாரத்துக்கு அடி வெறுமையாகும். பம்ப் தண்ணியை ஒரு வாளியில பிடிச்சு அஞ்சு நிமிஷம் வச்சுப் பாருங்க. அடியில மணல் படிஞ்சா உடனே பம்பை நிறுத்தணும். பள்ளத்துக்கு வெளியே வரிசையா வெல்பாயிண்ட் (தண்ணி உறிஞ்சுற சல்லடை முனைக் குழாய்) இறக்கி, நீர்மட்டத்தைப் பள்ளத்து அடிக்கு அரை மீட்டர் கீழ கொண்டுபோன பிறகுதான் தோண்டணும்.

மண்சோதனை

சரியாகச் சொன்னீர்கள். தண்ணீர் போக வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கரிசலில் வழி இல்லை. ஊற்றிய தண்ணீர் பள்ளத்துக்குள்ளேயே நிற்கும், மணல் இறுகாது, ஊறிய பக்கச் சுவர் இளகி உள்ளே சரியும்.

அதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று உண்டு. வேலை முடிந்து சாலை போட்ட பிறகு கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது அது. கரிசலுக்கு நடுவே 260 மீட்டர் நீளத்துக்கு மணல் நிரப்பிய பள்ளம் என்றால், குழாய்க்கு வெளியே இன்னொரு வாய்க்கால் வெட்டியதாக அர்த்தம். சாலை ஓரத்தில் இறங்கும் மழைநீர், வீட்டுக் குடிநீர் இணைப்பில் கசியும் நீர், எல்லாமே அந்த மணலுக்குள் சேர்ந்து சரிவு பார்த்து ஓடும். ஓடும் வழியில் இரு பக்கக் கரிசலுக்கும் ஈரம் கொடுக்கும். 2 மீட்டர் தள்ளியிருக்கும் வீடுகளில் பள்ளத்தை ஒட்டிய சுவரின் அடியில் மண் வீங்கும், பின்சுவரின் அடியில் வீங்காது. ஜன்னல் மூலையில் சாய்ந்த வெடிப்பு விழும். வீட்டுக்காரர் கட்டிய மேஸ்திரியைக் குறை சொல்வார், காரணம் தெருவில் இருக்கும். இதனால்தான் கரிசலில் குழாய்த் தரத்தைவிடக் குழாயைச் சுற்றியுள்ள நிரப்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தீர்வு, வீங்காத ஆனால் ஒட்டும் தன்மையுள்ள மண். மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஆர்.கே. கட்டி கரிசல் பகுதிக் கால்வாய்களுக்காக வளர்த்தெடுத்த முறை இது, ஐ.எஸ். 9451 இதை வைத்தே வந்தது. நம் ஊரில் அந்த வேலைக்குச் சிவப்புச் சரளை மண் பொருந்தும். களி கொஞ்சம் இருக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீரைத் தடுக்காது. களி அதிகமாகவும் கூடாது. நீர்ம எல்லை (மண் குழம்பாகும் ஈர சதவீதம்) 35-க்குள், பிளாஸ்டிக் குறியீடு (மண் குழைவாக நிற்கும் ஈர வீச்சு) 8 முதல் 12 என்று வாங்குங்கள். கண்மாய் வண்டல் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது கொண்டு வந்தால் திருப்பி அனுப்பி விடுங்கள். வயலுக்கு அருமையான மண் அது, சாலைக்கு அடியில் போட ஆகாது.

ஆட்டோலெவல்

நன்றி சார். அளவு போட்டுப் பார்த்தேன். மொத்தத் தோண்டல் 640 கன மீட்டர். குழாய்க்குக் கீழே 10 செ.மீ. முதல் குழாயின் பாதி உயரம் வரை சிப்ஸ் ஜல்லி என்றால் 88 கன மீட்டர். மேலே சாலை அடுக்கு 40 செ.மீ. போக, நடுவில் இறுக்கி நிரப்ப வேண்டியது சுமார் 350 கன மீட்டர். அவ்வளவு சரளை மண் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும், அதே அளவு கரிசலை வெளியே அனுப்பவும் வேண்டும். செலவு பிடிக்கும். கரிசலிலேயே சுண்ணாம்பு கலந்தால் என்ன?

மண்சோதனை

முடியும். உலர் எடையில் 4 சதவீதம் என்றால் 350 கன மீட்டருக்குச் சுமார் 21 டன் நீற்றிய சுண்ணாம்புத் தூள். கட்டியை உடைத்து, கலந்து, ஈரமாக்கி ஓர் இரவு மூடி வைத்து, மறுநாள் மறுபடி கிளறி, அதன் பிறகுதான் நிரப்ப வேண்டும். கட்டி உடையாமல் சுண்ணாம்பு தூவினால் கட்டியின் தோல் மட்டும் மாறும், உள்ளே பழைய கரிசலே இருக்கும். மண்ணில் சல்பேட் இருந்தால் சுண்ணாம்போடு சேர்ந்து புதிதாக வீங்கும், அதனால் அந்தச் சோதனையும் தேவை. இதையெல்லாம் திறந்த மைதானத்தில் செய்யலாம். வீட்டு வாசல்களுக்கு நடுவே, காற்றடித்தால் குழந்தைகள் கண்ணில் விழும் தூளை வைத்துக்கொண்டு செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தோண்டிய கரிசலை வெளியே அனுப்பும்போது எங்கே கொட்டுகிறார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள். கண்மாய் உள்வாயில் கொட்டிவிட்டுப் போவது வழக்கமாகி வருகிறது. ஒரு தெருவின் வடிகால் வேலைக்காக ஊரின் வரத்துக் கால் அடைபடக் கூடாது.

குழாய்ச்சரிவு

நிரப்பு மண் பற்றிப் பேச்சு நடக்கும்போதே கொள்ளளவையும் பார்த்துவிடலாம். 450 மி.மீ. குழாய், 300-க்கு 1 சரிவு, மேனிங் எண் (குழாயின் உள் சொரசொரப்பு அளவு) 0.013 என்றால் முழுக் குழாயில் வேகம் 1.03 மீ/வி., ஓட்டம் 165 லி/வி. தெருவின் நீர்ப்பிடிப்பு எவ்வளவு?

ஆட்டோலெவல்

1.2 ஹெக்டேர். முழுக்கக் கூரையும் தளமும்தான், அதனால் ஓட்டக் கெழு (பெய்த மழையில் ஓடி வரும் பங்கு) 0.8. மழை மணிக்கு 50 மி.மீ. என்று வைத்தேன், 133 லி/வி. வந்தது.

குழாய்ச்சரிவு

அந்த மழைக்குச் சரி. ஆனால் 2024 அக்டோபர் 25 பிற்பகலில் மதுரையில் 15 நிமிடத்தில் 4.5 செ.மீ. கொட்டியது, செல்லூர் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அந்த வேகம் மணிக்கு 180 மி.மீ. உங்கள் தெருவுக்கு அது 480 லி/வி. குழாயை 600 மி.மீ. ஆக்கினாலும் 355 லி/வி.தான் போகும். அந்த மாதிரி மழைக்குக் குழாயை நம்பக் கூடாது, சாலையே வாய்க்காலாக வேலை செய்ய வேண்டும். தெருவின் நீளச் சரிவு இடையில் எங்கும் குழியாமல் கண்மாய் வரை இறங்க வேண்டும், சாலைத் தளம் வீட்டு வாசற்படிக்கு மேல் ஏறிவிடக் கூடாது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுத்தான் பல தெருக்களில் வீடு பள்ளமாகிப் போனது. சாலை அடுக்கு போடும்போது பழைய மட்டத்தைத் தாண்டாதீர்கள்.

கலுங்கு

இங்கே யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். கண்மாய் நிறைந்து மறுகால் போகும்போது நீர்மட்டம் எது? உபரி நீர் வழியும் கலுங்கின் மட்டம் என்ன, குழாயின் கடைசி அடிமட்டம் என்ன? கீழ்முனையில் 2.5 மீ. ஆழத்தில் குழாய் போகிறது என்றால், நிறைகண்மாய்த் தண்ணீர் குழாய்க்குள் பின்னோக்கி ஏறும் வாய்ப்பு பெரிது. அப்போது நீங்கள் போட்ட 300-க்கு 1 சரிவு காகிதத்தில் மட்டுமே இருக்கும், நீரின் சரிவு அதைவிடக் குறைந்துவிடும். வண்டலும் குழாயில் தங்கும்.

ஆட்டோ லெவலை (மட்டம் பார்க்கும் கருவி) எடுத்துக்கொண்டு போய்க் கலுங்கு உச்சியில் ஸ்டாஃப் (அளவுக்கோல்) வைத்து, அதே பெஞ்ச்மார்க்கிலிருந்து (நிலையான மட்டப் புள்ளி) குழாய் மட்டத்தையும் எடுங்கள். குழாயின் அடிமட்டம் கலுங்கு மட்டத்துக்குக் கீழே இருந்தால் ஆழத்தைக் குறைத்து மூடிய பெட்டி வடிகாலாக மாற்றுவது நல்லது. ஆழம் குறைந்தால் மண் செலவும் குறையும். முடியாது என்றால் வாயில் ஃப்ளாப் கதவு (தண்ணீர் பின்னோக்கி வந்தால் தானே மூடுவது) வேண்டும். அந்தக் கதவில் ஒரு துணி சிக்கினாலும் மூடாது. எனவே அதற்கு முந்தைய மேன்ஹோலில் 50 மி.மீ. இடைவெளிக் கம்பித் தடுப்பு, அதற்குக் கீழே வண்டல் தங்க அரை மீட்டர் தொட்டி. பந்தல்குடி வாய்க்கால் மாதிரி வைகையில் நேராகச் சேரும் வாய்க்கால்களுக்கும் இதே கணக்குதான். ஆற்றில் வெள்ளம் போகும்போது வாய் மட்டம் என்ன என்று பார்த்துத்தான் மற்றதெல்லாம்.

திருநகர்_பைப்லைன்

எடை குறைவா இருக்கே, டி.டபிள்யூ.சி. (இரட்டைச் சுவர், வெளியே நெளிவு) பிளாஸ்டிக் குழாய் போடலாம்ல? ஆறு மீட்டர் நீளம், ஜாயிண்ட் கம்மி.

மண்சோதனை

ஜாயிண்ட் குறைவது நல்லதுதான். ஆனால் அது வளையும் குழாய். தன் பலத்தில் நிற்காது, இரு பக்க மண்ணின் பலத்தில் நிற்கும். கரிசல் ஈரத்தில் குழைவதும் கோடையில் சுருங்கி விலகுவதுமாக இருந்தால் குழாய் முட்டை வடிவமாக நசுங்கும். என்.பி.3 கனமாக இருப்பதில் இன்னொரு லாபம் உண்டு. உங்கள் குழாயின் வெளிவிட்டம் 600 மி.மீ., ஒரு மீட்டர் எடை சுமார் 300 கிலோ. பள்ளத்தில் தண்ணீர் நின்றால் அது விலக்கும் நீரின் எடை 283 கிலோ. மயிரிழையில் தப்பிக்கும். டி.டபிள்யூ.சி. மூடுவதற்கு முன் மழை பெய்தால் மிதந்து மேலே வந்துவிடும்.

இடம் நெருக்கமான பகுதிகளில், மதுரை மாசி வீதிகளை ஒட்டிய சந்துகள் போல ராமர் (மண் இடிக்கும் கருவி) வைத்து இடிக்க முடியாத இடங்களில், சிமென்ட், சாம்பல், மணல் கலந்து குழம்பாக ஊற்றும் நிரப்பு போடலாம். தூத்துக்குடி அனல்மின் நிலையச் சாம்பல் கிடைக்கிறது. அங்கேயும் அதே மிதப்புக் கணக்கைப் பாருங்கள். குழம்பின் அடர்த்தி தண்ணீரைப் போல இரண்டு மடங்கு என்பதால் என்.பி.3 குழாயே மிதக்கும். ஒரேயடியாக ஊற்றாமல் முதலில் குழாயின் கால் உயரம், அது இறுகியதும் அடுத்தது என்று போக வேண்டும்.

முட்டுப்பலகை

நிரப்பும் முன்னால் பள்ளத்துக்குள் ஆள் இறங்க வேண்டுமே, அதைப் பற்றி யாரும் எழுதவில்லை. கோடைக் கரிசல் செங்குத்தாக நிற்கும், பார்த்தால் பாறை மாதிரி தெரியும். அந்த நம்பிக்கைதான் ஆளைக் கொல்லும். உள்ளே மேலிருந்து கீழாக ஓடும் வெடிப்பு இருக்கும், பாளம் பாளமாகப் பிரிந்து முன் அறிகுறியே இல்லாமல் சாயும். ஒரு கன மீட்டர் மண் ஒன்றே முக்கால் டன் எடை. மார்பளவு மூடினாலே மூச்சு முட்டும்.

1.5 மீட்டருக்கு மேல் ஆழம் என்றால் ஐ.எஸ். 3764 முட்டுக் கொடுக்கச் சொல்கிறது. உங்கள் தெரு முழுக்கவே அந்த ஆழம்தான். இரு பக்கமும் செங்குத்துப் பலகை, குறுக்கே திருகு ஜாக்கி. தோண்டிய மண் விளிம்பிலிருந்து 1.5 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும், ஜேசிபியும் அப்படியே. தெருவில் இடம் இல்லை என்றால் மண்ணை உடனுக்குடன் டிப்பரில் ஏற்றுங்கள். ஏணி இறங்கும் ஆளுக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். காலையில் விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, பள்ளத்துக்கு இணையாக மெல்லிய வெடிப்பு ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அன்றைக்கு உள்ளே யாரும் இறங்கக் கூடாது. ஒரு நாளில் மூடக்கூடிய நீளத்தை மட்டும் திறங்கள், நாலைந்து குழாய் நீளம் போதும்.

கலுங்கு

வடிகால் முடிந்த பிறகு ஒரு வேலை. சித்திரை மாதம், மழையே இல்லாத நாளில் காலை ஏழு மணிக்குக் கடைசி மேன்ஹோலைத் திறந்து பாருங்கள். தண்ணீர் ஓடினால் அது கழிவுநீர், யாரோ வீட்டுக் குழாயை இதில் இணைத்திருக்கிறார்கள். மேல் மேன்ஹோல் ஒவ்வொன்றாகத் திறந்து ஓட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் இரண்டு மேன்ஹோலுக்கு நடுவே எந்த வீடு என்பது தெரிந்துவிடும். உள்ளே இறங்காதீர்கள். மூடிய குழாயில் விஷ வாயு இருக்கும். அழுகிய முட்டை நாற்றம் முதலில் வரும், வாயு கூடினால் மூக்கு மரத்துப் போய் நாற்றமே தெரியாது. கையால் கழிவு அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படியும் உயிர்காப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்கக் கூடாது.

இன்னொன்று, இந்தத் தண்ணீரை மழைநீர் சேகரிப்புக் குழிக்குள் விடலாமா என்று தெருவில் யாராவது நிச்சயம் கேட்பார்கள். கரிசலில் குழி தண்ணீர் குடிக்காது, வீட்டுக்கருகே வீக்கம்தான் கூடும். ஆழத்தில் சரளை வரை துளை போட்டு விடலாம் என்றால், சாலைத் தண்ணீரில் எண்ணெயும் சாக்கடையும் இருக்கும், அது நேராகக் கிணற்றுக்குப் போகும். கூரைத் தண்ணீரை மட்டும் வடிகட்டி உள்ளே விடுங்கள், சாலைத் தண்ணீர் வண்டல் தொட்டி தாண்டிக் கண்மாய்க்குப் போகட்டும்.

ஆட்டோலெவல்

கலுங்கு மட்டம் எடுத்துப் பார்த்தேன். குழாயின் கடைசி அடிமட்டம் 35 செ.மீ. கீழே இருக்கிறது. மேல்முனையில் ஆழத்தைக் குறைக்கலாம், அங்கே குடிநீர்க் குழாய் மட்டும்தான் குறுக்கே வருகிறது. அதை மாற்றினால் மொத்தக் குழாயும் 40 செ.மீ. மேலே ஏறும். மண் வேலையின் வரிசையைக் கொஞ்சம் சொல்லுங்கள் சார்.

மண்சோதனை

நல்லது, 5 செ.மீ. மேலே வந்துவிட்டது. மேல்முனையில் குழாயின் முதுகுக்கு மேல் மூடல் 60 செ.மீ.க்கும் குறைகிறதா பாருங்கள். அந்தப் பகுதியில் லாரி போகும் என்றால் என்.பி.4 (கனத்த சுமை தாங்கும்) குழாய் அல்லது குழாயைச் சுற்றி கான்கிரீட் உறை.

கீழ்முனையிலிருந்து மேல்நோக்கிப் பதியுங்கள், சாக்கெட் வாய் மேட்டுப் பக்கம் பார்க்க வேண்டும். பள்ளத்து அடி திறந்தே கிடந்தால் வெயிலில் வெடிக்கும், மழையில் குழையும். திறந்த அன்றே நெய்யாத ஜியோ துணி (நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் செயற்கைத் துணி) விரித்து 10 செ.மீ. சிப்ஸ் போட்டு மூடுங்கள். துணி இல்லாமல் சிப்ஸ் போட்டால் கரிசல் அதன் இடுக்குக்குள் ஏறி, போட்ட ஜல்லியே காணாமல் போகும். ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் கீழே சிறு குழி பறியுங்கள். குழாய் தன் உடல் நீளம் முழுக்கப் படுக்க வேண்டும், சாக்கெட் தலையில் தொங்கக் கூடாது. ரப்பர் ரிங்குக்குச் சோப்புக் கரைசல் தடவுங்கள். பழைய என்ஜின் ஆயில் தடவுவது நடக்கிறது, அது ரப்பரை உப்ப வைத்து அழுக வைக்கும்.

மேன்ஹோல் சுவரிலிருந்து வெளியே வரும் முதல் துண்டு 60 செ.மீ. நீளம் மட்டும் இருக்கட்டும், அடுத்தது முழுக் குழாய். மேன்ஹோல் ஒரு மாதிரி அசையும், குழாய் ஒரு மாதிரி அசையும். 2.5 மீ. குழாயை நேராகச் சுவரில் கட்டினால் அந்த இடத்தில்தான் உடையும்.

குழாயின் அடி வயிற்றுக்குக் கீழே இரு பக்கமும் சிப்ஸைக் கம்பியால் குத்தி நிரப்புங்கள். மேலே தெரியாத இடம் என்பதால் இதைத்தான் விட்டுவிடுவார்கள். பிறகு சிப்ஸ் மேல் துணியை மடித்து மூடிச் சரளை மண், தளர்வாக 15 செ.மீ. அடுக்கு, ராமரால் இடித்தல். குழாய் முதுகுக்கு மேல் 30 செ.மீ. வரை கை ராமர் மட்டும். ஒவ்வொரு மேன்ஹோலுக்கும் மேட்டுப் பக்கம் ஒரு தடுப்பு வையுங்கள். 60 செ.மீ. கனத்துக்குச் சிப்ஸை முழுக்க எடுத்துவிட்டு, சரளை மண்ணில் 6 சதவீதம் பெண்டோனைட் (நீரைத் தடுக்கும் களித் தூள்) கலந்து, பக்கச் சுவருக்குள்ளும் அடியிலும் 20 செ.மீ. வெட்டிச் செருகி இடிக்க வேண்டும். சிப்ஸ் வழியாக நீர் ஓடுவது அங்கே நிற்கும். கான்கிரீட்டில் தடுப்புக் கட்டாதீர்கள், குழாய் அந்த ஒரு முதுகில் உட்கார்ந்து முறியும்.

மூன்று அடுக்குக்கு ஒரு முறை, 30 மீட்டருக்கு ஓர் இடத்தில் மணல் நிரப்பு முறையில் (சிறு குழி பறித்து, எடுத்த மண்ணை நிறுத்து, குழியின் கொள்ளளவை மணலால் அளப்பது) அடர்த்தி எடுங்கள். உச்ச உலர் அடர்த்தியில் 95 சதவீதத்துக்குக் குறைந்தால் அந்த அடுக்கை எடுத்து மறுபடி இடிக்க வேண்டும். மேல் அடுக்கு போட்ட பிறகு கீழே குறை என்றால் யாரும் தோண்ட மாட்டார்கள்.

தார் உடனே வேண்டாம். வெட்மிக்ஸ் (ஈர ஜல்லிக் கலவை அடுக்கு) வரை முடித்து, 20 மீட்டருக்கு ஒரு ஆணி அடித்து லெவல் எழுதி, ஐப்பசி கார்த்திகை மழையைத் தாண்ட விடுங்கள். மார்கழியில் மறுபடி எடுக்கும்போது மாற்றம் 5 மி.மீ.க்குள் என்றால் தார் போடலாம். எங்காவது அதற்கு மேல் இறங்கியிருந்தால் அந்த இடத்து மேன்ஹோலைத் திறந்து, மேலிருந்தே விளக்கடித்துக் குழாய்க்குள் பாருங்கள். ஜாயிண்ட் அடியில் சிவப்புச் சேறு படிந்திருந்தால் மேல் மண் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. அந்த ஜாயிண்ட்டைச் சரி செய்யாமல் மேலே கிராவல் கொட்டி மட்டம் கட்ட வேண்டாம்.